கொடுத்ததைத் திரும்ப வாங்குதல்

சில வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு என் பெயருக்கு ஒரு டிக்கெட் வந்தது. ஒரே வரிதான். ரிப்போர்ட்டிங் டீமின் லீட் அன்றோடு வேலையை விட்டுப் போகிறார், அவருடைய டேட்டாபேஸ் அனுமதிகளை எடுத்துவிடவும்.

சின்ன வேலை. போஸ்ட்கிரெஸ்ஸுக்குள் போய் ‘ரிவோக்’ கட்டளையைத் தட்டினேன். மறுத்தது. இந்த அனுமதியைச் சார்ந்து வேறு அனுமதிகள் இருக்கின்றன என்று ஒரு பிழைச்செய்தி. அதன் கீழேயே ஒரு யோசனையும் சொன்னது: அவற்றையும் சேர்த்து எடுக்க ‘கேஸ்கேட்’ போடு. வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு இப்படி ஒரு யோசனையைக் கையில் கொடுத்தால் மனுஷன் என்ன செய்வான்? போட்டேன். ஓடியது. டிக்கெட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்த டேபிளில் இருந்தது ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருகைப் பதிவு. மாதக் கடைசி வேறு. ஞாயிறு இரவு தானாக ஓட வேண்டிய சம்பளக் கணக்கு, டேபிளைப் படிக்க அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது. திங்கள் காலை வங்கிக்குப் போக வேண்டிய கோப்பு போகவில்லை. துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள் என்று சில நூறு பேருக்குச் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது. எனக்கு அந்த இரண்டு நாள் என்பது தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு மீட்டிங், அவ்வளவுதான். ஒன்றாம் தேதி வீட்டு வாடகை கொடுக்க வேண்டியவருக்கு அது வேறு கணக்கு.

நடந்தது இதுதான். வேலையை விட்டுப் போன அண்ணனுக்கு அந்த டேபிளைப் படிக்கும் அனுமதி மட்டுமல்ல, அதைப் பிறருக்குக் கொடுக்கும் அனுமதியும் இருந்தது. அவர் இருந்த நாலைந்து வருடங்களில் அதை முறையாகவே பயன்படுத்தி, சம்பளக் கணக்கு ஓட்டும் சர்வீஸ் அக்கவுண்ட் உட்படப் பலருக்கும் கொடுத்திருக்கிறார். அவரிடமிருந்து நான் எடுத்தபோது, அவர் கொடுத்ததெல்லாம் அவரோடு சேர்ந்து போய்விட்டது.

தாசில்தார் மாற்றலாகிப் போனால் அவர் கையெழுத்துப் போட்ட பட்டாவெல்லாம் செல்லாமல் போகுமா? போகாது. அப்படியென்றால் டேட்டாபேஸ் மட்டும் ஏன் இப்படி? கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன். தேடிப் போய் நின்ற இடம் 1976, கலிஃபோர்னியாவின் சான் ஹோஸேயில் இருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடம்.

*

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் அங்கே நடந்தது எவ்வளவு பெரிய தாவல் என்பது புரியும்.

அன்றைக்கு ஒரு கோப்பைப் பாதுகாக்க வழக்கமான வழி கடவுச்சொல். ஆளுக்கு ஒன்றல்ல, கோப்புக்கு ஒன்று. தெரிந்தவர் திறக்கலாம். ஒண்டிக்குடித்தன வீட்டுப் பொதுக் கதவுக்கு ஒரே பூட்டு, ஆளுக்கொரு சாவி மாதிரி. புதிதாக ஒருவருக்கு அனுமதி கொடுப்பது சுலபம், காதில் சொன்னால் போதும். எடுப்பதுதான் முடியாது. சொன்னதைச் சொல்லாததாக்க முடியுமா? கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். ஒருவரை நீக்க ஒன்பது பேரிடம் போக வேண்டும். அந்த ஒன்பது பேர் யார் யார் என்பதும் எங்கும் எழுதியிருக்காது.

1971இல் பட்லர் லாம்ப்சன் இந்தக் குழப்பத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஒரு பெரிய கட்டம். இடப்பக்கம் ஆட்கள், மேலே பொருட்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இந்த ஆள் இந்தப் பொருளை என்ன செய்யலாம் என்பது. படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். இன்றும் எந்தப் பாதுகாப்புப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் கட்டம் இருக்கும். கொடுப்பதென்றால் ஒரு கட்டத்தில் டிக் போடுவது, எடுப்பதென்றால் டிக்கை அழிப்பது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டம் நிகழ்காலத்தை மட்டுமே காட்டும். டிக் இருக்கிறது, சரி. யார் போட்ட டிக்?

சான் ஹோஸேயில் அப்போது ‘சிஸ்டம் ஆர்’ என்ற அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்கர் காட் 1970இல் எழுதிய ரிலேஷனல் கோட்பாடு நடைமுறையில் வேலை செய்யும் என்று நிரூபிப்பது அதன் நோக்கம். நாம் இன்று எஸ்.கியூ.எல். என்று எழுதும் மொழி அந்தத் திட்டத்தில் பிறந்ததுதான். அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம். உருவாக்கியவரே உரிமையாளர். அவர் விருப்பப்பட்டவருக்கு அனுமதி கொடுக்கலாம். அதைக் கைமாற்றிக் கொடுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கலாம். நடுவில் நிர்வாகி என்று ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சீல் குத்த வேண்டியதில்லை.

அதே காலத்தில் பெர்க்லியில் ‘இங்கிரஸ்’ என்ற போட்டி அமைப்பு வளர்ந்தது. 1974இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் அங்கே வேறு வழி பிடித்தார்கள். நீங்கள் கேட்கும் கேள்வியையே அமைப்பு ரகசியமாகத் திருத்திவிடும். ‘எல்லோருடைய சம்பளத்தையும் காட்டு’ என்று கேட்டால், ‘உன் துறையில் இருப்பவர்களுடைய’ என்று நடுவில் ஒரு நிபந்தனையைச் சொருகிவிட்டுப் பதில் தரும். இதுவும் அபாரமான யோசனைதான், இன்றைய வரிசைவாரிப் பாதுகாப்புக்கெல்லாம் தாத்தா. ஆனால் அங்கே பகிரப்படும் டேபிள்களுக்குச் சொந்தக்காரர் நிர்வாகி. கைமாற்றும் சங்கிலி என்ற சிக்கலே எழவில்லை.

சங்கிலியை அனுமதித்தது சிஸ்டம் ஆர். அதனால் அதை எப்படி அறுப்பது என்று யோசிக்க வேண்டியதும் அவர்களாயிற்று.

*

1976 செப்டம்பரில் பாட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் எழுதிய கட்டுரை வெளியானது. மொத்தம் பதினான்கு பக்கம். கிரிஃபித்ஸ்தான் பின்னாளில் பாட்ரிசியா செலிஞ்சர் என்ற பெயரில் புகழ்பெற்றவர். ஒரு வினவலை எந்த வழியில் ஓட்டினால் மலிவு என்று டேட்டாபேஸ் தானே கணக்குப் போடுவதற்கு 1979இல் அடித்தளம் போட்டது அவர் குழு. அந்தப் புகழில் இந்தப் பழைய கட்டுரை கொஞ்சம் மறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கட்டுரையின் முதல் பாதியில் கொடுப்பதைப் பற்றிச் சொல்கிறார்கள். அதில் பெரிய சிரமம் இல்லை. அனுமதிகளுக்கென்றே ஒரு டேபிள். அனுமதியையும் ஒரு சாதாரண டேபிளிலேயே வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். புதிதாக ஒரு அனுமதி கொடுத்தால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பழையதைத் தொட வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம்.

எடுப்பது என்று வந்தபோதுதான் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எடுத்துவிட்டேன் என்றால் என்ன பொருள்? அவர்கள் சொன்ன பதில் கறாரானது. ஒரு அனுமதியை ரத்து செய்தபின், அந்த அனுமதி ஆதியிலிருந்தே கொடுக்கப்படாமல் இருந்திருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்குமோ, அப்படியே இருக்க வேண்டும்.

இதை முதல் தடவை புரிந்துகொண்டபோது கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இது இனிமேல் வேண்டாம் என்பதல்ல, நடக்கவே இல்லை என்பது. அண்ணன் அந்த நிறுவனத்தில் அந்த உரிமையோடு இருந்த வருடங்களை, அந்த டேபிளைப் பொறுத்தவரை, நான் ஒரே கட்டளையில் இல்லாமல் ஆக்கியிருக்கிறேன்.

அவர்கள் பக்க நியாயமும் இருக்கிறது. திருட்டுத்தனமாக நடந்துகொண்ட ஒருவரிடமிருந்து அனுமதியைப் பறிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறிபோகப்போகிறது என்று தெரிந்ததும் அவர் தன் கூட்டாளிகள் நாலு பேருக்குக் கொடுத்துவைத்திருந்தால்? அவரை மட்டும் நீக்கி என்ன பயன்? வேரோடு பிடுங்க வேண்டும்.

ஆனால் வேர் எது என்று தெரிய வேண்டுமே. இங்கேதான் கட்டம் போதாமல் போனது. ஒவ்வொரு அனுமதி வரியிலும் இரண்டு விஷயங்களைக் கூடுதலாக எழுதிவைத்தார்கள். யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார்.

யார் என்பது புரிகிறது. எப்போது எதற்கு? க என்பவர் டேபிளின் உரிமையாளர். அவர் ச என்பவருக்கு, கைமாற்றும் உரிமையோடு, அனுமதி கொடுக்கிறார். ச அதை ட என்பவருக்குக் கொடுக்கிறார். ட நல்ல பிள்ளையாகத் திரும்ப ச-வுக்கே கொடுத்துவைக்கிறார். இப்போது க, தான் ச-வுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறார். அமைப்பு பார்க்கிறது. ச-வுக்கு இன்னும் ட கொடுத்த அனுமதி இருக்கிறதே, விட்டுவிடலாம். ட-வுக்கு ச கொடுத்தது இருக்கிறதே, அதையும் விட்டுவிடலாம். கடன் வாங்கும்போது ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொண்ட இரண்டு பேர், இருவரிடமும் காலணா இல்லை. நேரம் எழுதியிருந்தால் இந்த வித்தை செல்லாது. ட கொடுத்தது ச கொடுத்ததற்குப் பிறகு, எனவே ச கொடுத்ததற்கு அது ஆதாரமாக முடியாது. இரண்டும் விழும்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கட்டுரை, அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து ரொனால்ட் ஃபேகின் அதே இதழில், 1978 செப்டம்பரில், பத்துப் பக்கத்தில் ஒரு ஓட்டையைக் காட்டினார். ஓட்டை சின்னது. ஆனால் எனக்கு அது இந்த வரலாற்றின் மையம் மாதிரித் தோன்றுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

உரிமையாளர் க. அவரிடமிருந்து ச, ட இருவருக்கும் காலையிலேயே கைமாற்றும் உரிமை கிடைத்துவிட்டது. பதினோரு மணிக்கு ச, அந்த உரிமையை த-வுக்குக் கொடுக்கிறார். பன்னிரண்டு மணிக்கு த, ந என்பவருக்குப் படிக்கும் அனுமதி கொடுக்கிறார். ஒரு மணிக்கு ட-வும் தன் பங்குக்கு த-வுக்கு உரிமை கொடுக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மணிக்கு த, ந-வுக்கு இன்னொரு தடவை கொடுக்கிறார். மூல அமைப்பில் ஒரே ஆள் ஒரே ஆளுக்கு ஒரே அனுமதியை இரண்டாம் தடவை கொடுத்தால் அது பதிவாகாது. ஏற்கனவே இருக்கிறதே, எதற்கு இன்னொரு வரி? பன்னிரண்டு மணி வரி மட்டுமே நிற்கும்.

மூன்று மணிக்கு ச, தான் த-வுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்கிறார். த-வுக்கு மிஞ்சியது ஒரு மணிக்கு ட கொடுத்தது. ந-வின் வரி பன்னிரண்டு மணிக்கு எழுதியது. பன்னிரண்டு மணிக்கு த-விடம், ச கொடுத்ததைத் தவிர வேறு உரிமை ஏது? ந-வின் அனுமதி போயிற்று. ஆனால் அவர்களே வைத்த விதிப்படி பார்த்தால், ச கொடுக்கவே இல்லை என்றாலும் இரண்டு மணிக் கொடுப்பு செல்லும். ந உள்ளே இருக்க வேண்டியவர். அமைப்பு அவரை வெளியே தள்ளிவிட்டது.

ஃபேகின் சொன்ன திருத்தம் எளிமையானது. ஒரே கொடுப்பு இரண்டு தடவை நடந்தால் இரண்டையும் எழுது. கணித நிரூபணத்தோடு இதைச் சொன்னார். நம் டிசைன் மீட்டிங்குகளில் டூப்ளிகேட் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கும் வரிகளை நினைத்துக்கொள்கிறேன். இங்கே இரண்டாவது வரி முதல் வரியின் நகல் அல்ல. பத்திரத்தை மறுபடி பதிவு செய்கிற மாதிரி, அது வேறொரு நாளில் வேறொரு பலத்தில் நடந்த வேறொரு செயல்.

கிரிஃபித்ஸ்–வேட் கட்டுரைக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1976 ஆகஸ்டில், ஹாரிசன், ருஸோ, உல்மன் என்ற மூவர் வேறொன்றையும் நிரூபித்திருந்தார்கள். ஆட்கள் தங்களுக்குள் உரிமைகளைக் கொடுத்து வாங்கிக்கொள்ளும் எந்த அமைப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் என்றாவது ஒருநாள் இந்த உரிமை தகாதவர் கைக்குப் போய்ச் சேருமா என்ற கேள்விக்கு, பொதுவாக எல்லா அமைப்புகளுக்கும் பொருந்தும்படி பதில் சொல்லும் நிரல் எழுதவே முடியாது. மெதுவாக ஓடும் என்பதல்ல, எழுதவே முடியாது. நாளை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்று ஆகிவிட்டபின், நேற்று என்ன ஆனது என்பதையாவது ஒழுங்காக எழுதிவைக்கலாம் அல்லவா? சிஸ்டம் ஆர்-காரர்கள் அந்த நிரூபணத்துக்குப் பதிலாக இதைச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே கோடையில் அச்சானது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

*

அப்புறம் நடந்தது ஒரு மறதியின் கதை.

1986இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான ஆன்சி, எஸ்.கியூ.எல். மொழிக்கு முதல் தரவரையறையை வெளியிட்டது. அதில் கிராண்ட் உண்டு. ரிவோக் கிடையாது! கொடுக்க வழி எழுதிவிட்டு எடுக்க வழி எழுதாமல் விட்டார்கள். டேபிளை நீக்கும் கட்டளையும் அதில் இல்லை. டேட்டாபேஸின் அமைப்பு ஒருமுறை கல்லில் செதுக்கினால் செதுக்கியதுதான், ஓடும்போது மாறாது என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. ஆட்கள் வேலையை விட்டுப் போகாத, டீம் மாறாத, சண்டை போடாத ஓர் உலகம். சந்தையில் இருந்த மென்பொருள்களில் ரிவோக் இருந்தது, காகிதத்தில்தான் இல்லை.

1992இன் தரவரையறையில் ரிவோக் வந்தது. கூடவே இரண்டு வால்கள். ஒன்று ‘ரெஸ்ட்ரிக்ட்’: சார்ந்திருப்பவர்கள் இருந்தால் கட்டளையை மறுத்துவிடு. இன்னொன்று ‘கேஸ்கேட்’: சார்ந்திருப்பவர்களையும் அருவி மாதிரி அடித்துக்கொண்டு போ. என் வெள்ளிக்கிழமையின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் நேரம் காணாமல் போயிற்று. புதிய விதி, உரிமையாளரிலிருந்து உங்கள் வரை ஏதாவது ஒரு சங்கிலி இப்போது அறுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இருந்தால் நீங்கள் உள்ளே. அது எந்த வரிசையில் கட்டப்பட்டது என்பது அதற்கு வேண்டாம். ஜாமீன் வித்தைக்காரர்கள் இதிலும் மாட்டிக்கொள்வார்கள். அவர்களிருவரும் வட்டமாகக் கைகோத்திருந்தாலும் உரிமையாளர் வரை போகும் சங்கிலி இல்லையே. போஸ்ட்கிரெஸ் இன்னும் ஒரு படி மேலே போய், உனக்குக் கொடுத்தவருக்கே நீ திருப்பிக் கொடுக்க முடியாது என்று வட்டம் உருவாகும் முன்பே தடுத்துவிடும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஃபேகினின் உதாரணத்தில் இரண்டு மணிக் கொடுப்பை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். 1976 விதிப்படி ந வெளியே போக வேண்டும். 1992 விதிப்படி உள்ளேயே இருப்பார், த-வுக்குத்தான் ட மூலம் இன்னும் உரிமை இருக்கிறதே. பன்னிரண்டு மணிக்குப் போட்ட கையெழுத்துக்கு ஒரு மணிக்கு வந்த அதிகாரம் சாட்சி சொல்கிறது. நடைமுறைக்கு இது வசதி, யாரும் பெரிதாகக் குறை சொன்னதாகவும் தெரியவில்லை. எனக்குத்தான் இது கணக்கு எழுதும்போது முன் தேதி போடுவது மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு நிறுவனமும் அதனதன் போக்கில் போனது. ஆரக்கிளில் ஒரே மென்பொருளுக்குள் இரண்டு சட்டம். ஒரு குறிப்பிட்ட டேபிளின் மீது கொடுத்த அனுமதியை எடுத்தால் அடுக்கடுக்காக விழும். டேபிள் உருவாக்கலாம் என்பது போன்ற பொதுவான அனுமதியை எடுத்தால் அவர் பிறருக்குக் கொடுத்தது அப்படியே நிற்கும். பட்டா விதியும் வேரோடு பிடுங்கும் விதியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. மைசீக்குவெல்லில் அருவியே கிடையாது. யாரிடமிருந்து எடுக்கச் சொல்கிறீர்களோ அவரிடமிருந்து மட்டும் எடுக்கும். அவர் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது உங்கள் பாடு. அதே மைசீக்குவெல்லில் சர்வர் முழுமைக்குமான அனுமதியை ஒருவரிடமிருந்து எடுத்தால், ஏற்கனவே இணைப்பில் இருப்பவருக்கு அது உடனே உறைக்காது. அவர் துண்டித்துக்கொண்டு மறுபடி வரும்போதுதான் கதவு மூடியிருக்கும். வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப் திறந்தே இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2019இல் 8.0.16 பதிப்பு வரும்வரை, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ‘இந்த ஒரு டேட்டாபேஸ் தவிர’ என்று கழித்துக்கொள்ளவும் அதில் வழியில்லை.

என் பட்டா கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் எலிசா பெர்டினோ, பியராங்கேலா சமராட்டி, சுஷில் ஜஜோடியா மூவரும். 1997இல் வெளியான அவர்கள் கட்டுரை, அருவியில்லாத ரத்து என்று ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்றது. ஒருவர் பதவி உயர்ந்தோ இடம் மாறியோ போகும்போது அவர் உரிமையை எடுக்க வேண்டும், ஆனால் அவர் பதவியில் இருந்தபோது நியாயமாகச் செய்தது நிற்க வேண்டும். ஒருவர் மாறுவதும் ஒருவர் மாட்டிக்கொள்வதும் ஒன்றல்ல. கட்டுரையைப் படித்தபோது, ஏன்யா இதை எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை என்று இருந்தது.

பெரும்பாலானோர் இந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். 1992இல் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் முன்வைத்த பாத்திரம், அதாவது ‘ரோல்’ என்ற யோசனை, 1999இல் எஸ்.கியூ.எல். தரவரையறைக்குள் வந்தது. அனுமதியை ஆளுக்குக் கொடுக்காதே, நாற்காலிக்குக் கொடு. ஆள் மாறினால் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டால் போதும். இன்று எந்த நிறுவனத்திலும் சீனியர்கள் சொல்லும் முதல் அறிவுரை இதுதான், அது சரியும்கூட. ஆனால் நாற்காலியில் யாரை யார் உட்காரவைத்தார் என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறதே.

போஸ்ட்கிரெஸ் அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பதில் சொல்லவில்லை. டேபிள் அனுமதிகளில் கொடுத்தவர் பெயரை ஒழுங்காகப் பார்த்தது. ரோலில் சேர்ப்பதற்கு மட்டும் ஒரே ஒரு வரி. வேறொருவர் அதே சேர்க்கையை மறுபடி செய்தால் பழையதன் மேலேயே எழுதிவிடும். கொடுத்தவர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது, ஆனால் அந்த ஆளையே அமைப்பிலிருந்து நீக்கிவிட்டாலும் அந்த இடத்தில் ஆளில்லாத ஓர் எண் தொங்கிக்கொண்டிருக்கும். 2023 செப்டம்பரில் வந்த 16ஆம் பதிப்பில்தான் இது சரியானது. ராபர்ட் ஹாஸ் செய்த மாற்றங்களுக்குப் பிறகு, இரண்டு பேர் ஒரே சேர்க்கையைச் செய்தால் இரண்டு வரிகள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று நிற்கும். கொடுத்தவர் பெயர் எப்போதும் செல்லுபடியாகும் பெயராக இருக்க வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் இவை சில வரிகளாக, யாரும் கவனிக்காமல் இருந்தன. இரண்டையும் எழுது என்று ஃபேகின் சொன்னது 1978இல். நாற்பத்தைந்து வருடம்.

காணாமல் போன நேரமும் ஒருவழியாகத் திரும்பி வந்தது, வேறு வாசல் வழியாக. 2019இல் கூகுள் தன் ‘ஸான்ஸிபார்’ அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதியது. டிரைவ், ஃபோட்டோஸ், யூடியூப் எல்லாவற்றுக்கும் யார் எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் ஒரே அமைப்பு அது. லட்சம் கோடிக் கணக்கில் அனுமதிப் பட்டியல்கள், விநாடிக்குப் பல பத்து லட்சம் கேள்விகள். உலகம் முழுக்கப் பரவிய அமைப்பில் ஓர் அனுமதி மாற்றம் எல்லா இடத்துக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேராது. அதில் வரும் தொல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘புதிய பகைவர்’ சிக்கல். ஒரு கோப்புறையிலிருந்து ஒருவரை நீக்குகிறீர்கள். நீக்கிவிட்டோம் என்ற தைரியத்தில், அவர் பார்க்கக் கூடாத ஆவணம் ஒன்றை அதற்குள் வைக்கிறீர்கள். அமைப்பு புதிய ஆவணத்தையும் பழைய அனுமதிப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்துவிட்டால்? நீக்கப்பட்டவர் கண்ணில் அது பட்டுவிடும். இதற்கு அவர்கள் கண்ட மருந்து, ஆவணத்தோடு ஒரு நேர முத்திரையை ஒட்டிவைப்பது. இந்த நேரத்துக்கு முந்திய பட்டியலை வைத்து இதற்குப் பதில் சொல்லாதே. முன்னதா பின்னதா என்று கிரிஃபித்ஸும் வேடும் கேட்ட அதே கேள்விதான்.

*

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளி மதியம் எடுத்த பேக்கப்பைத் திறந்து அந்த டேபிளின் பழைய அனுமதிப் பட்டியலை வெளியே எடுத்தேன். போஸ்ட்கிரெஸ் இதை எழுதும் விதம் சுருக்கமானது. வாங்கியவர் பெயர், ஒரு சமக்குறி, என்னென்ன அனுமதி என்று சில எழுத்துகள், ஒரு சாய்கோடு, கொடுத்தவர் பெயர். சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் பெயர் இருந்த வரிகள் பதினொன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிப்போர்ட்டிங் டீம் பெண்ணிடம் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

“இது சம்பள பேட்ச். இது வேணும்.”

“இது?”

“பி.எஃப். கணக்கு. வேணும்ணா.”

“இது ஆடிட்டர்ஸ்தானே?”

“ஆமா. வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க.”

பத்து வரிகள் இப்படிப் போயின. ஒவ்வொன்றையும் இந்தத் தடவை அவர் பெயரில் இல்லாமல் டேபிளின் உரிமையாளரான ரோலின் பெயரில் திரும்பக் கொடுத்தேன். பதினொன்றாவது வரியில் இருந்த அக்கவுண்டை அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மேலாளருக்கும் தெரியவில்லை. எட்டாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்த டேபிளைப் படிக்க அதற்கு அனுமதி இருந்திருக்கிறது. கொடுத்தவர் அண்ணன் என்று சாய்கோடு சொல்கிறது. எப்போது கொடுத்தார் என்று பார்க்கலாம் என்றால் அந்த வரியில் தேதிக்கு இடமே இல்லை. போன வாரமா, நான்கு வருடம் முன்பா?

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். நன்றாகப் பேசினார். சம்பளம் தள்ளிப்போனதற்கு என்னைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். அந்த அக்கவுண்ட் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நானா குடுத்தேன்?” என்று கேட்டார்.

அந்த ஒரு வரியை மட்டும் நான் திரும்பக் கொடுக்கவில்லை. இதுவரை அதைக் கேட்டு யாரும் வரவில்லை.